பதினான்காம் மனைக்கு நேரே இருந்த வழி

இன்று காலை சர்க்கரை பார்ப்பதற்காக என் கையில் ரத்தம் எடுத்தார்கள். வீட்டுக்கே வந்திருந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து முழங்கை மடிப்பில் தடவினாள். அந்த வாசனை எழுந்ததும் உன் பெயர் வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னும் குத்தவே இல்லையே" என்றாள். நல்ல பெண்தான். ஆறரைக்கு வருவதாகச் சொன்னவள் எட்டு மணிக்குத்தான் வந்தாள். வெறும் வயிற்றோடு காத்திருந்து எனக்குத் தலை சுற்றியது. பைபாஸின் நடுவே தடுப்புச் சுவர் வைத்துவிட்டதால், நம் நகரின் நுழைவு வளைவு கண்ணெதிரே தெரிந்தும் ஸ்கூட்டியில் வெகுதூரம் போய்த் திரும்பி வரவேண்டியிருந்ததாம். அந்தத் தடுப்பு உனக்குப் பிறகு வைத்தது. நீ போனதற்காக நடந்த ஒரே காரியம் அதுதான்: அந்த இடத்தில் சாலையைக் கடக்கவே முடியாமல் செய்துவிட்டார்கள். வண்டி இல்லாதவர்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறிக் குதிக்கிறார்கள்.

உனக்காக யாரும் எட்டு மணிவரை காத்திருந்ததில்லை. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் பன்னிரண்டு வீடு முடித்துவிடுவாய். கீழவாசல் சந்துகளில் உன் சைக்கிள் மணி ஒரு தடவை கேட்டால் போதும், வயதானவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே பால் காய்ந்துகொண்டிருக்கும். நீ ரத்தம் எடுத்துவிட்டுப் போனால்தான் அவர்களுக்குக் காபி. "நான் படிச்ச கொசு. சொல்லிட்டுத்தான் கடிப்பேன்" என்பாய். ஊசி ஏறி இறங்கியதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே முப்பது நாற்பது மிதி. ஜனங்கள் நெருங்கிக் குடியிருந்ததால் நடந்த வேலை அது. இதை நான் யோசித்ததே இல்லை. பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் கடை வைத்து முப்பது வருஷமாக வீட்டுக்கும் மனைக்கும் பிளான் போட்டுக் கொடுத்தவள் நான். யோசித்தது நீ.

நாம் இருவரும் அடுத்தடுத்துக் குடியிருந்த அந்த எட்டுக் குடித்தன வீட்டை நினைத்து உருகுகிறவள் இல்லை நான். ஒரு கிணறு, இரண்டு கக்கூஸ், விடிந்தால் வாளியோடு வரிசை. மழை பிடித்துக்கொண்டால் உன் சுவரில் இறங்கும் தண்ணீர் என் அரிசி டப்பாவுக்குள் போகும். மூன்றாம் வீட்டுச் சண்டையை எட்டாம் வீட்டில் இருந்தபடியே முழுசாகக் கேட்கலாம். உனக்கும் அது பிடித்திருக்கவில்லை. ஆனால் நமக்குப் பிடிக்காமல் போனது ஒரே விஷயம் அல்ல. எனக்கு அந்த இடத்தை விட்டே ஓடவேண்டும் போலிருந்தது. நீ அதே இடத்தில் நல்ல வீடு வேண்டும் என்றாய்.

வீட்டுக்காரர் விற்கப்போகிறார் என்று தெரிந்த வாரம் எட்டுக் குடும்பத்தையும் கிணற்றடியில் கூட்டினாய். "நாமளே சேர்ந்து வாங்கிடுவோம். கீழ ரெண்டு கடை, மேல மூணு மாடி" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "இருக்கற எட்டுப் பேரையும் அப்படியே மேல மேல அடுக்கிடு. கக்கூஸ் மட்டும் ஆளுக்கொண்ணு குடுத்துடுடி, உனக்குப் புண்ணியமாப் போவும்." எல்லாரும் சிரித்தார்கள். சம்மதமும் சொன்னார்கள். எனக்கே ஆச்சரியம்.

நான் வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். பிளான் திரும்பி வந்துவிட்டது. சந்து அகலம் போதாது, எட்டு வீட்டுக்கும் கார் நிறுத்த இடம் காட்டவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நீ அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாய். "எட்டு வீட்டுல ஒருத்தர்ட்டயும் கார் இல்ல. காருக்கு எடம் இல்லாம வீடு கட்டக்கூடாதுன்னா, கார் இல்லாதவ எங்கடி இருப்பா?" என்றாய். மேலே எழுதிப் பார்த்திருக்கலாம். ஒரு மாடியைக் குறைத்துத் திரும்பக் கொடுத்திருக்கலாம். வழி இருந்தது. நான் செய்யவில்லை, ஏனென்றால் என் மேஜையில் அப்போதே இன்னொரு வேலை விரித்துக் கிடந்தது.

அது இந்த நகர். குறுவை அறுத்த தாள்கூடக் காயாத நஞ்சையில் லாரி லாரியாகக் கிராவல் அடித்து மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். மனை பிரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்திருந்தது. பதினாலும் பதினைந்தும் அடுத்தடுத்த மனை, கிழக்குப் பார்த்தது. உன்னைக் கரைக்க ஆரம்பித்தேன். "அந்தரத்துல தொங்குறதுக்கா இத்தனை வருஷம் உழைச்ச? மண்ணுன்னு ஒண்ணு வேணும்டி. நாளைக்கு உன் பொண்ணு கையில குடுக்க ஒரு பட்டா வேணும்" என்று சொன்னேன். உன் கணவர் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதிர்த்துப் பேசுகிற தெம்பு உனக்குக் குறைந்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினேன்.

நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "அங்கேருந்து கீழவாசலுக்கு எப்படிப் போறது?"

அதற்காகத்தான் உன்னை அந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். ஆளுக்கொரு சைக்கிள். மனைகளுக்குப் பின்னால் வாய்க்கால் கரை. ஆற்றில் தண்ணீர் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்ததால் வாய்க்கால் முட்டப் போய்க்கொண்டிருந்தது. கரையோடு போனால் பைபாஸ் குறுக்கே வரும். ஆனால் அங்கே வாய்க்கால் பாலத்துக்கு அடியில், தண்ணீருக்குப் பக்கத்தில், மாடு போய்வர ஒரு பாதை விட்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தோம். நம் தலைக்கு மேல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் நீ சும்மா மணி அடித்துப் பார்த்தாய். அது பாலத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, திரும்பத் திரும்ப அடித்தாய். அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஊர். "பத்தே நிமிஷம். ஒரு வண்டி மூஞ்சியப் பார்க்கல" என்றாய். அந்த வழிக்காகத்தான் நீ சம்மதித்தாய். மண்ணுக்காகவும் இல்லை, பட்டாவுக்காகவும் இல்லை.

என் முதல் பிளானில் அந்த வழி இருந்தது. நகரின் பின்பக்க மதிலில் பத்தடி திறப்பு, அங்கிருந்து உள்ளே ஒரு தெரு. வரைந்து முடித்து மொத்தமாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அந்தத் தெரு நேராக வந்து பதினான்காம் மனையின் வாசலில் முட்டியது. உன் மனை. சுத்தமான தெருக்குத்து.

என் தொழிலில் பாதி வேலை தெருக்குத்தைத் தவிர்ப்பதுதான். தெரு வந்து குத்தும் வீடு உருப்படாது, குடும்பத்தில் ஆள் தங்காது என்று சொல்லி யாரும் அந்த மனையை வாங்கமாட்டார்கள். வாஸ்து பார்க்கிறவர்களை நான் வாய் வலிக்கக் கிண்டல் செய்வேன். அப்புறம் அவர்கள் சொன்னபடி கோட்டை வளைத்துக் கொடுப்பேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றுதான் நானே நினைத்திருந்தேன். ஆனால் உன் மனை என்றதும் பயந்துவிட்டேன். கணவரை இழந்தவள், ஒரே பெண், அதுவும் சிங்கப்பூரில். இனி இவளுக்கு ஒரு கெட்டது நடந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். சத்தியமாக அதைத் தவிர வேறு ஒன்றும் என் மனதில் இல்லை.

தெருவைத் தள்ளிப் போட இடமில்லை. அந்தப் பக்க மனைகளுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. அதனால் திறப்பையே எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இரண்டு கோடு. பழைய நாளாக இருந்தால் டிரேசிங் தாளில் பிளேடால் சுரண்டியிருக்கவேண்டும், சுரண்டிய இடம் விரலுக்காவது தெரியும். இதில் ஒரு தடயமும் இல்லை. மனை போடுகிறவரிடம் காட்டியபோது அவருக்கு மகிழ்ச்சி. "வழி இல்லாட்டி இன்னும் நல்லதும்மா. சுத்தி மதில், ஒரே வாசல், வெளியாள் உள்ள வரமாட்டான். அதையே நோட்டீஸ்ல போட்டுக்கலாம்" என்றார். போட்டும்விட்டார்.

அதனால் நீ தினமும் வளைவு வழியாகப் போகவேண்டியதாயிற்று. பைபாஸின் விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, மறுபடி வலது பக்கம் பார்த்து. துணி உலர்த்தும் சாக்கில் மாடியிலிருந்து நான் பார்ப்பேன். நீ அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை இறங்கமாட்டேன். "ஸ்கூட்டி வாங்கிக்கயேன்" என்றேன் ஒரு நாள். "வாங்கினா மட்டும் லாரிக்காரன் எறங்கி நின்னு கும்புடு போடுவானா?" என்று கேட்டாய். பன்னிரண்டு வீடு ஒன்பதாகி, ஏழாகியது. எல்லாருக்கும் காபி தாமதமானது. முன்பு நீ வேலை முடித்து வந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடும் நேரத்தில் இப்போது சாலையில் நின்றுகொண்டிருந்தாய்.

ஒரு தடவை கரந்தைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் நடந்து வந்தோம். ஒரு தெரு முடிகிற இடத்தில், வீட்டுச் சுவரில் சின்ன மாடம், உள்ளே முழ உயரத்துக்குக்கூட இல்லாத பிள்ளையார், அருகம்புல். நீ செருப்பைக் கழற்றி ஒரு குட்டுக் குட்டிக்கொண்டாய். "தெருக்குத்துக்கு வச்சிருக்காங்க பாரு. எவ்வளவு சுளுவான வைத்தியம். ஒரு பிள்ளையார், ஒரு விளக்கு, முடிஞ்சுது. தெருவும் இருக்கும், வீடும் இருக்கும்" என்றாய். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்த வைத்தியம் எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். உன் விஷயத்தில் பிள்ளையாரைக்கூட நம்ப மனம் வரவில்லை. "என்னடி, முள்ளா?" என்று குனிந்து என் காலைப் பார்த்தாய்.

மூன்று மார்கழிக்கு முன்னால், அந்தக் காலையில், பனி வயலிலிருந்து எழுந்து மாடி வரைக்கும் நின்றது. வளைவு தெரியவில்லை. எதிர் வீடே தெரியவில்லை. ஐந்தேகாலுக்கு வழக்கம்போல என் கேட்டுக்கு முன்னால் மணி அடித்துவிட்டுப் போனாய். நான் போர்வைக்குள் இருந்தபடி கேட்டேன். "இன்னிக்குப் போகாதே" என்று எழுந்து வந்து சொல்லவில்லை. குளிராக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

ஆறு மணிக்கு போன் வந்தது. கீழவாசலில் உன் முதல் வீட்டுப் பெரியவர். நீ போனை எடுக்கவில்லையாம். "அம்மா இன்னும் வரலியே. நான் காபி குடிக்கலாமா, காத்திருக்கணுமா?" என்று கேட்டார். "குடிங்க ஐயா. பனியா இருக்கு, மெதுவா வருவா" என்றேன். வைத்துவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. செருப்புப் போடாமல் வளைவுக்கு ஓடினேன். லாரி ஓட்டியவன் ஓடிப்போகவில்லை. சாலை ஓரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். "தெரியவே இல்லம்மா, தெரியவே இல்ல" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான். உன் நீலப் பெட்டி மூடிகூடத் திறக்காமல் புல்லில் கிடந்தது. உள்ளே அன்றைக்கு ரத்தம் எடுக்க வைத்திருந்த குழாய்கள், எல்லாம் காலி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நகர் நலச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். பின்மதிலில் ஒரு ஆள் சைக்கிளோடு போகிற அளவுக்கு இடிக்கலாம், பாலத்துக்கு அடியில் பாதை இன்னும் இருக்கிறது, இன்னொரு உயிர் போகக் கூடாது என்றேன். செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, இந்தக் காலத்துல நடந்து வர்றவன் யாரு? திருடன்தான் நடந்து வருவான்." நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அங்கே வழி இருந்தது, அதை எடுத்தவளே நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டு, யாராவது காறித் துப்பட்டும் என்று நின்றேன். "நல்ல காரியம்தாம்மா பண்ணீங்க" என்றார் செயலாளர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முன்பே உன் பெண் வீட்டை விற்றுவிட்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கியவர் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். "எங்க வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. நேரா எங்க வாசலைப் பார்த்து வழியத் தொறக்கணுங்கிறீங்களே, நீங்களே நியாயமாச் சொல்லுங்க. அந்தம்மாவும் இந்த மனையில இருந்துதானே அப்படிப் போனாங்க?" ஒரு பிள்ளையாரை வைத்துவிடலாம் என்று கெஞ்சினேன். "வச்சா உங்க வாசல்ல வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். என் கண்ணில் இருந்த அதே பயம்.

நம் பழைய வீடு இருந்த இடத்துக்குப் போன மாதம் போனேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வாங்கி இடித்து, கடைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துவதற்காகச் சிமென்ட் போட்டு வைத்திருக்கிறார். கிணற்றை மூடிவிட்டார்கள். எட்டுக் குடும்பத்துக்கு அகலம் போதாத அந்தச் சந்துக்குள் கார்கள் தாராளமாகப் போய் வருகின்றன. ஒரு ஆள் விசில் ஊதி அவற்றை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அழுகையில் முடிந்தது. விசில்காரர், "யாரம்மா தேடுறீங்க?" என்று கேட்டார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலையும் இப்போது மனை போடுகிறார்கள். என்னிடம்தான் வந்தார்கள். கரையோரம் பாதை விட்டு, நாலு மாடிக்கு இடம் காட்டி, நடுவே கடைக்கு இடம் விட்டு வரைந்து கொடுத்தேன். நீ பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாய். அவர்கள் பார்த்துவிட்டுச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே வேறொருவர் சுற்றிலும் மதில் போட்டு வரைந்து கொடுத்துவிட்டார். பாலத்துக்கு அடியில் குழாய்களை அடுக்கிவிட்டதால் மாடுகூட அந்த வழியில் போவதில்லை. நான் கடையை மூடிவிட்டேன். ஒரு ஆள் வரையாமல் இருந்தால் எதுவும் நிற்காது என்று தெரிந்தேதான் மூடினேன்.

கூட்டத்தில் அத்தனை பேரிடமும் சொன்னதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் சொல்லவில்லை. நீயாகக் கேட்ட ஒரே நாளை மட்டும் எழுதிவிடுகிறேன். உன் வீட்டுக்கு மனை பூஜை போட்ட அன்று அது. விபூதியும் சந்தனமும் நெற்றியில் அப்படியே இருக்க, வேலையாட்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாய். மதில் புதிதாக எழும்பியிருந்தது, சிமென்ட் ஈரம். அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தாய்.

"இங்கதானேடி வழி இருந்துச்சு?"

"ரூல்ஸ்ல வரலடி. வாய்க்கால் கரை புறம்போக்கு, அதுல வழி காட்டக் கூடாதுன்னுட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். ஏற்கெனவே ஒரு ரூல்ஸில் வீட்டை இழந்தவள் நீ. இன்னொன்றையும் நம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

நீ மதிலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாய். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, எனக்காக வருத்தப்பட்டாய். தோளில் கை வைத்து, "நீ என்னடி பண்ணுவ, விடு" என்றாய். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பைபாஸ் பக்கம் போனாய்.